வாணலி கவிழ்த்த வாத்து

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கு எனக்கு எழுபத்து நான்கு வயது, மூன்று மாதம், பத்து நாள். பல்கலைக்கழக நூலகத்தின் பட்டியல் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் இருந்தவள் தோராயமாக எதையும் குறிப்பதில்லை. இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்துகள் பேருந்துக்குக் காத்திருந்து சலித்தவர்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. வலது மணிக்கட்டுக்குள் ஓர் உலோகத் தகடும் ஏழு திருகாணிகளும் இருக்கின்றன. பல்பு மாற்ற முக்காலியில் ஏறினேன். ஏறியது நினைவிருக்கிறது.

எலும்பு மருத்துவர் கெடு வைத்திருக்கிறார். ஏப்ரல் பத்தாம் தேதி இந்தக் கை மூன்று வேலைகளைச் செய்து காட்ட வேண்டும்: பாட்டில் மூடியைத் திருக வேண்டும், நீர் நிறைந்த கெட்டிலைத் தூக்கி ஊற்ற வேண்டும், வாசற்கதவைச் சாவி போட்டுத் திறக்க வேண்டும். முடிந்தால் என் வீட்டில் தனியாக இருக்கலாம். முடியாவிட்டால் மகன் வீட்டுக் கீழ் அறை. மயக்க மருந்து தெளியாத நேரத்தில் அதற்குச் ‘சரி’ என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். அவன் அதைக் கையெழுத்திட்ட பத்திரம் போலப் பிடித்து வைத்திருக்கிறான்.

அவன் லிஃப்டுகளைப் பரிசோதிக்கிறவன். கட்டடம் கட்டடமாகப் போய், எது அறுந்து விழும் என்று பார்ப்பது தொழில். என் வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைப்பதில்லை.

“கீழ் ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சாச்சும்மா. பிடிச்சுக்கக் கம்பியும் வெச்சாச்சு. நாலு சுவத்துலயும்.”

“நாலு பக்கமும் கம்பி வெச்ச ரூமுக்கு வேற பேரு இருக்கு.”

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

செவ்வாயும் வெள்ளியும் பிசியோதெரபிப் பெண் வருகிறாள். முப்பது வயது இருக்கும். பிளாஸ்டிக்கில் ஒரு கோணமானி வைத்துக்கொண்டு என் மணிக்கட்டு எத்தனை பாகை வளைகிறது என்று அளக்கிறாள். ஆகவே அவளுக்குக் கோணமானி என்று பெயர் வைத்திருக்கிறேன். பதினெட்டு பாகை. போன வாரமும் பதினெட்டு.

“அம்மா, பந்தை அமுக்கறீங்களா தினமும்?”

“அமுக்கறேன்.”

“பந்து மேல தூசி இருக்கே.”

பிடிபட்டுவிட்டேன். ஆனால் படித்த பெண்மணி ஒருத்தி உட்கார்ந்து ரப்பர் பந்தைப் பிசைவதில் என்ன இருக்கிறது? பிசைந்தால் மாவாவது ஆக வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

மகன் வந்தான். கெட்டிலைப் பார்த்தான். கம்பளத்தின் மடிப்பைப் பார்த்தான். முக்காலியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 10, செவ்வாய்

இழிவின் உச்சம். கோணமானி இன்றைக்கு ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டு வந்து என் தொலைக்காட்சியில் மாட்டினாள். கை உடைந்தவர்களுக்குக் கொடுக்க மருத்துவமனையில் நாலைந்து வைத்திருக்கிறார்களாம். இடது கட்டைவிரல் ஓட்ட வேண்டும், வலது கட்டைவிரல் குதிக்க வைக்க வேண்டும், அவ்வப்போது கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலரையே திருப்ப வேண்டும். அதில் மணிக்கட்டு தானாக வேலை செய்யுமாம்.

“பந்து உங்களுக்குப் போரடிக்குதுன்னு தெரியுது. இது பிடிக்கும்.”

“எனக்கு என்ன பிடிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. பந்து பிடிக்கலன்னு மட்டும் தெரியும்.”

திமிர். ஆனால் வாதத்தில் ஓட்டையில்லை.

ஆட்டத்தின் நாயகன் ஒரு வாத்து. தலையில் வாணலியைக் கவிழ்த்திருக்கிறது. வானத்தில் மிதக்கும் தீவுகள். அங்கே ஓர் ஆடு மேகங்களை எல்லாம் தின்றுகொண்டு போகிறது. வாத்து அதைத் துரத்தி மேகங்களை மீட்க வேண்டும். வழியில் ஓட வேண்டும், குதிக்க வேண்டும், பள்ளத்தில் விழாமல் இருக்க வேண்டும், கோபக்கார நண்டுகளின் மண்டையில் வாணலியால் இடிக்க வேண்டும். ஆவி விடும் தேநீர்க் கெண்டிகள் வாத்தை மேலே தூக்கிவிடும். இதை எழுதியவன் யாரோ, சம்பளம் வாங்கியிருக்கிறான்.

நாளொன்றுக்கு இருபது நிமிடம் என்று உத்தரவு.

மார்ச் 11, புதன்

வாத்து இன்று பதினேழு முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து தோளைக் குலுக்குகிறது. வாத்துக்குத் தோள் கிடையாது.

மார்ச் 13, வெள்ளி

இருபத்தாறு பாகை. கோணமானி தன் அளவையே நம்பாமல் இரண்டாம் முறை அளந்தாள். பிறகு நான் ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவது தீவில் ஓர் அகலமான பள்ளம் உண்டு. நின்ற இடத்திலிருந்து குதித்தால் எட்டாது. பின்னால் நகர்ந்து, ஓடி வந்து, பாதி உடம்பு விளிம்பைத் தாண்டிய பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். தாண்டினேன்.

“இதை யார் உங்களுக்குச் சொன்னது? எனக்கே ரெண்டு நாள் ஆச்சு. முன்னாடி ஆடியிருக்கீங்களா?”

“இல்லை.”

மார்ச் 15, ஞாயிறு

மகன் உள்ளே வந்ததும் பெட்டியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். ஷூவைக் கழற்றக்கூட மறந்துவிட்டான்.

“இது யாரோடது?”

மருந்து என்றேன். உட்கார்ந்தான். வேறு யாரும் இல்லாததால் என்னிடமே அந்தக் கதையைச் சொன்னான். விருந்தாளிகள் வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வான். இன்று சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான்.

பன்னிரண்டு வயதில் அவனிடம் இப்படி ஒரு பெட்டி இருந்தது. விளக்கு ஏந்திய எலி ஒன்று சுரங்கத்துக்குள் போகும் ஆட்டம். ஒன்பது மாதம் ஆடி, கடைசிக் கோட்டையின் கதவு வரைக்கும் வந்திருந்தான். ஒரு நாள் காலையில் அவன் அப்பா, “அடுத்த தடவை கணக்குல மார்க் குறைஞ்சா இந்தப் பெட்டி வீட்ல இருக்காது” என்றார். அன்று பள்ளி விட்டு வந்தால் பெட்டி இல்லை.

“அடுத்த தடவைன்னு சொன்ன மனுஷன் அன்னைக்கே தூக்கிட்டார். ஏம்பா எடுத்தேன்னு கேட்டா, ஆமா எடுத்தேங்கறார். அவ்வளவுதான். அப்புறம் நான் அவர்கிட்ட எதுவும் கேட்டதும் இல்ல, இதைத் தொட்டதும் இல்ல.”

“முப்பத்தஞ்சு வருஷமா இதையே அரைச்சிட்டு இருக்கே.”

“அவரு செத்து ஒன்பது வருஷம் ஆச்சு. கடைசி வரைக்கும் ஒரு ஸாரி சொல்லல.”

சர்க்கரை டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினேன். இதில் மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 18, புதன்

ஒரு விஷயத்தைக் குறித்து வைக்க வேண்டும், வெட்கமாக இருந்தாலும்.

காலை பத்தரை மணிக்கு நான்காவது தீவில் வாத்து ஒரு கெண்டியின் ஆவியில் மேலே போய், அங்கிருந்து இன்னொரு கெண்டி, அங்கிருந்து ஒரு நண்டின் மண்டை, அங்கிருந்து மேகம் என்று காலைத் தரையில் வைக்காமலே ஆறு இடம் தாவியது. நான் தாவ வைத்தேன் என்பதுதான் சரியான வாக்கியம். விரல் என்னைக் கேட்கவில்லை. கண் பார்த்தது, விரல் செய்தது. நடுவில் இருக்கும் இந்தக் கிழவி, எப்போதும் குறுக்கே நின்று குறை சொல்கிறவள், எங்கோ போய்விட்டாள்.

அறையில் ஒரு சத்தம் கேட்டது. நான் சிரித்திருக்கிறேன். வாயை மூடிச் சிரிப்பது அல்ல. பல்செட் ஆடும்படி.

கணவர் போன பிறகு எத்தனையோ நல்ல விஷயங்கள் நடந்திருக்கின்றன என்று சொல்வார்கள். ஒன்றுக்கும் இப்படிச் சிரித்ததில்லை. இத்தனை ஆண்டுகள் எங்கே வைத்திருந்தேன் இதை? தெரியாத மாதிரி கேட்கிறேன் பார். நாட்குறிப்பிலேயே நடிப்பு.

மார்ச் 20, வெள்ளி

கீழ்வீட்டில் ஓய்வு பெற்ற பல் மருத்துவர் இருக்கிறார், முன்பு கிளினிக்கும் அங்கேயேதான். துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். கதவைத் திறந்தால் வந்தே விட்டார்.

“ஏங்க, மேல என்ன வாத்துப் பண்ணையா நடத்தறீங்க?”

“ஒரே ஒரு வாத்து. உங்க டிரில் சத்தத்தை இருபது வருஷம் கேட்டவ நான். ஒரு மாசம் நீங்க கேளுங்க.”

முப்பத்து நான்கு பாகை.

மார்ச் 22, ஞாயிறு

சண்டை. மகன் தேர்வாளரைப் போல எதிரில் நின்று கெட்டிலைத் தூக்கச் சொன்னான். தூக்கினேன். ஊற்றும்போது கை நழுவிக் கோப்பை உடைந்தது. அவன் குனிந்து சில்லுகளைப் பொறுக்கியபடியே, குரலை உயர்த்தாமல் பேசினான். அதுதான் எனக்கு ஆகாது.

“இருபதாம் தேதிக்கு வண்டி சொல்லிட்டேன்.”

“பத்தாம் தேதி இன்னும் வரலை.”

“அம்மா, நாள் முழுக்க வாத்து விளையாடினா கை சரியாயிடுமா? வெந்நி கால்ல ஊத்திக்கிட்டா யாரு பாப்பா உன்னை?”

“ஊத்திக்கிட்டா என் கால்ல, என் வீட்ல ஊத்திக்கறேன்.”

“எப்பவும் இப்படித்தான். யாரும் உன்கிட்ட வர முடியாது.”

போய்விட்டான். கீழ் அறையைப் போன ஆண்டு பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் துணி துவைக்கும் எந்திரத்தின் பின்புறம் தெரியும். அங்கே நான் ஒரு பொருளாக இருப்பேன், சரியான இடத்தில் அடுக்கி வைக்கப்பட்ட பொருள். நானே ஆயிரக்கணக்கில் அப்படி அடுக்கியிருக்கிறேன். அவை எதையும் பிறகு யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

மார்ச் 27, வெள்ளி

மணிக்கட்டு வீங்கிவிட்டது. கோணமானி கன்ட்ரோலரை எடுத்து, ஆட்டத்தின் முதல் பக்கத்தைத் திறந்தாள். ஆட்டத்தைச் சேமிக்க அங்கே மூன்று இடங்கள் உண்டு. முதல் இடம் என்னுடையது. அதன் கீழே சிறிய எழுத்தில்: முப்பத்தொரு மணி நேரம். இந்தத் துரோகியை நான் கவனித்திருக்கவில்லை.

“தினம் இருபது நிமிஷம்னு சொன்னேன். இதுல ஆறு மணி நேரம்கூட வரக் கூடாது.”

“கடிகாரம் தப்பா இருக்கும்.”

“அம்மா, நான் திட்டல. ஆனா நாலு நாளைக்கு இதைத் தொடக் கூடாது. தொட்டா பத்தாம் தேதி கனவுதான்.”

பந்தைப் பிசைகிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

மகன் வரவில்லை. வேலை என்று போனில் சொன்னான். மாடிப்படியில் பல் மருத்துவர் நிறுத்தினார்.

“என்னங்க, வாத்து செத்துப்போச்சா? ரெண்டு நாளா சத்தமே இல்ல.”

“ஓய்வு கொடுத்திருக்கேன்.”

“எந்தத் தீவு வரைக்கும் போச்சு?”

ஆக, காது வைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஏப்ரல் 2, வியாழன்

வீக்கம் வடிந்தது. சமையலறை அலாரத்தை இருபது நிமிடத்துக்கு வைத்து ஆடுகிறேன், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. அது அலறும்போது பாதித் தாவலில் இருந்தாலும் நிறுத்துகிறேன். வாத்துக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

இந்த வரியை வலது கையால் எழுதினேன். கோணல். ஆனால் என் கோணல்.

ஏப்ரல் 5, ஞாயிறு

வந்தான். பூட்டுக்குப் போட எண்ணெய்க் குப்பியோடு வந்தான். இரண்டு வாரத்துக்கு முந்தைய சண்டையைப் பற்றி இருவரும் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் சமாதானம் என்பது இவ்வளவுதான். பூட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டு, என் நாற்காலியின் பின்னால் நின்றான்.

ஏழாவது தீவில் ஆடு ஒரு கயிற்றுப் பாலத்தைப் பின்னாலிருந்து தின்றுகொண்டே வரும். மூன்று நாளாக அங்கேயே விழுந்துகொண்டிருக்கிறேன்.

“சீக்கிரம் குதிச்சுடறே.”

“வாய மூடிட்டு நில்லு.”

“பாலத்தோட நுனிக்கு வந்து குதிக்கணும்மா. பயந்தா முன்னாடியே குதிச்சுடுவோம்.”

விழுந்தேன். வாத்து தோளைக் குலுக்கியது. அவன் மூக்கின் வழியாகச் சிரித்தான். தொடாதவன், தொட மாட்டேன் என்றவன், கையை நீட்டினான்.

கொடுக்கும் முன் சொன்னேன்: “ரெண்டாவது இடத்துல உன்னுதை ஆரம்பி. முதல் இடம் என்னுது. மேல போயிடாதே.”

“தெரியும்மா.”

மறுபடியும் சொன்னேன். சேமிக்கும் நேரத்தில் மூன்றாம் முறையும் சொன்னேன். “ஏம்மா உயிரை வாங்கறே” என்றான். நாற்பத்தேழு வயதுக்காரன் இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்து, வாத்து திரும்பும் பக்கமெல்லாம் தானும் சாய்ந்துகொண்டு ஆடினான். கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு. அந்த உதட்டை நான் பார்த்து முப்பத்தைந்து ஆண்டுகள்.

பார்க்க முடியாமல் சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு வேலையும் இல்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

மருத்துவர் வரவில்லை, அவருக்குப் பதிலாகக் கோணமானி படிவத்தோடு வந்தாள். சாட்சிக்கு மகன், அரை நாள் விடுப்பில்.

பாட்டில் மூடி திறந்தது. கெட்டில் தூக்கினேன், ஊற்றினேன், ஒரு சொட்டும் சிந்தவில்லை. பிறகு மூவரும் வெளியே வந்தோம், கோணமானி கதவைச் சாத்தினாள், பூட்டு விழுந்தது. சாவியைப் போட்டுத் திருப்பினேன். அசையவில்லை. மகன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. வலி முழங்கை வரை ஏறியது. பயந்தால் முன்னாடியே குதித்துவிடுவோம் என்று அவன்தான் சொன்னான். விடாமல், வலியின் நுனி வரைக்கும் போய் இன்னும் கொஞ்சம் திருப்பினேன். பூட்டு ‘டக்’ என்றது.

ஐம்பத்தோரு பாகை. கோணமானி படிவத்தில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டாள். பெட்டியை இன்னும் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

மகன் படியைப் பார்த்துக்கொண்டு, “சரி. வண்டி வேணாம்னு சொல்லிடறேன்” என்றான். அவனுக்கு வருத்தம். கம்பிகளை அவன் கையாலேயே பொருத்தியிருக்கிறான். அது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

ஏப்ரல் 12, ஞாயிறு

வலது கையால் எழுதுகிறேன், நெடுநேரம் பிடித்தாலும் பரவாயில்லை.

வீடு எனக்கென்று ஆகிவிட்டது. அவன் வர வேண்டிய அவசியம் இனி இல்லை. வந்தான். வாத்துக்காக என்று நினைத்துக்கொண்டேன், அதுவும் போதும். நான் டீ போட உள்ளே போனேன். கெட்டிலை எடுக்கும்போது கூடத்தில் வாத்தின் சத்தம் நின்றது. திரும்பினால் சமையலறை வாசலில் நிற்கிறான். முகத்தில் ரத்தமில்லை.

“அம்மா. உன்னுதை அழிச்சுட்டேன். சேவ் பண்றப்போ கை மேல போயிடுச்சு. நீ மூணு தடவை சொன்னே. நாப்பது மணி நேரம் கிட்ட இருந்துது. எல்லாம் போச்சு. தப்புதான்மா, மன்னிச்சுடு.”

தவறு நடந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நடந்ததும் எழுந்து பத்தடி நடந்து வந்து சொல்லிவிட்டான். அவ்வளவுதான் தூரம்.

கெட்டிலைக் கீழே வைத்தேன். இப்போது வாயைத் திறந்தால் இனி ஞாயிற்றுக்கிழமைகள் இருக்குமா என்பது தெரியாது. சொன்னேன்.

“உன் பெட்டியை உன் அப்பா எடுக்கலை. நான்தான் எடுத்தேன்.”

அவன் நின்றபடியே கேட்டான், நான் நின்றபடியே சொன்னேன். அந்த நாட்களில் எனக்கு நூலகத்தில் காலை வேலை; பன்னிரண்டு மணிக்கு வீட்டில் இருப்பேன், அவன் நாலு பத்துக்கு வருவான். நடுவில் இருந்த அந்த நாலு மணி நேரம் நான் எலியோடு சுரங்கத்தில் இருந்தேன், எட்டு மாதம். அவனுடையது முதல் இடத்தில், என்னுடையது இரண்டாவது இடத்தில். அன்றைக்குச் சேமிக்கும்போது கை மேலே போய்விட்டது. அவனுடைய ஒன்பது மாதம் இருந்த இடத்தில் என்னுடையது உட்கார்ந்துவிட்டது. மணி இரண்டே முக்கால். அழித்ததை மறைக்க எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. பெட்டியையும் ஒயர்களையும் பையில் போட்டு, மழையில் இரண்டு நிறுத்தம் நடந்து, குழந்தைகள் மருத்துவமனையின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். தானம் என்று எழுதிக்கொண்டார்கள்.

“நான் அப்பாகிட்ட கத்தினேன். நீ பக்கத்துலதான் நின்னே.”

“நின்னேன்.”

“அவரு எதுக்கு ஆமான்னார்?”

“அன்னைக்கு அவரு சீக்கிரமே வந்துட்டார். என் செருப்புல சேறு இருந்துது. அதைப் பார்த்தார். டிவி மேல கையை வெச்சுப் பார்த்தார், சூடா இருந்துது. அப்புறம் நீ கேட்டப்போ ஆமான்னார்.”

“காரியத்தன்னைக்குக்கூட நீ வாயைத் திறக்கலை.”

“திறக்கலை.”

“எங்கிட்ட பேசாதே” என்றான். வாசலுக்குப் போய் ஷூவை எடுத்தான். ஒரு காலில் மாட்டினான். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்து நின்றான். நான் சமாதானம் சொல்லவில்லை. சொல்லத் தகுதியிருந்தால் சொல்லியிருப்பேன்.

திரும்பாமலே கேட்டான்.

“நீ எது வரைக்கும் போயிருந்தே?”

கடைசியாக மிச்சமிருந்தது இது ஒன்றுதான். இதை நான் கணவரிடமும் சொன்னதில்லை, இந்த நோட்டிலும் எழுதியதில்லை.

“முடிச்சுட்டேன். அன்னைக்கு மத்தியானம்தான் முடிச்சேன். அந்தச் சந்தோஷத்துல கை நடுங்கித்தான் மேல போச்சு.”

மாட்டிய ஷூவோடு ஒரு காலும், வெறும் காலாக ஒன்றுமாக நின்றவன், கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

“அந்தக் கதவுக்குப் பின்னாடி என்னம்மா இருந்துது?”

“ஒண்ணுமில்லடா. எலியோட வீடுதான். போய் விளக்கை ஆணியில மாட்டிட்டு, அதோட அம்மா பக்கத்துல படுத்துக்கும்.”